இதய சிகிச்சை தவறிப்போனால் வழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பாவுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி (இதய ரத்தக்குழாயின் அடைப்பை நீக்கும் சிகிச்சை) செய்தபோது ரத்தக்குழாயில் ஓட்டை விழுந்துவிட்டது. அன்று இரவு ஐசியுவில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனதை நர்ஸ் அரைமணிக்கு ஒருமுறை எழுதிவைத்திருக்கிறார். டாக்டர் வந்து பார்த்தது விடிகாலை நாலு மணிக்கு. அப்பா பிழைக்கவில்லை. வழக்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தோற்றோம், மாநில ஆணையத்தில் ஒரு பகுதி ஜெயித்தோம். எல்லாம் சேர்த்து ஆறரை வருஷம்.

அதிலிருந்து தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் போனில் கூப்பிடுகிறார்கள். கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, நான் சொல்லிவரும் பதில்களை எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, கணக்கெழுதும் வேலை. இங்கே இருப்பது இந்தியச் சட்டப்படியான வழி. உங்கள் காகிதங்களை ஒரு வக்கீலிடம் கட்டாயம் காட்டுங்கள்.

ஆபரேஷன் ஃபெயில் ஆயிடுச்சு. அப்போ கேஸ் போடலாம்தானே?

போடலாம், ஆனால் அந்த ஒரு காரணத்தை வைத்து ஜெயிக்க முடியாது. அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள இன்னொரு டாக்டர் அந்தச் சூழ்நிலையில் காட்டியிருக்கக்கூடிய கவனத்தை இவர் காட்டினாரா என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. இங்கிலாந்தில் 1957-இல் வந்த போலம் தீர்ப்பின் அளவுகோல் இது. நம் உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதை ஏற்றுக்கொண்டது. இரண்டு சிகிச்சை முறைகளில் ஒன்றை டாக்டர் தேர்ந்தெடுத்தார், அது பலிக்கவில்லை என்றால் அது கவனக்குறைவு ஆகாது.

கேட்கக் கசப்பாக இருந்தாலும் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பெருந்தமனி வீக்கத்துக்கு மும்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் இறந்த வழக்கில், ஆஞ்சியோ (சாய மருந்து செலுத்தி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் பரிசோதனை) எந்திரம் பழுதாகிக் கிடந்தது, பரிசோதனை தாமதமானது என்றெல்லாம் குடும்பம் சொன்னது. தேசிய நுகர்வோர் ஆணையம் இழப்பீடு கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எந்திரம் பழுதாவதும், டாக்டர் எந்நேரமும் படுக்கைக்குப் பக்கத்திலேயே இல்லாததும் தம்மளவில் கவனக்குறைவு ஆகாது என்றது. இதைப் படித்துவிட்டு என் தங்கை வழக்கே வேண்டாம் என்றாள். நான் இரண்டாவது தடவை படித்தபோதுதான், எங்கள் கதை எங்கே வேறுபடுகிறது என்று புரிந்தது.

அவங்க காம்ப்ளிகேஷன்னு சொல்றாங்க, நாங்க கவனக்குறைவுன்னு சொல்றோம். எது எதுன்னு எப்படித் தெரியும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆஞ்சியோபிளாஸ்டியில் ரத்தக்குழாய் கிழிவது, ஓட்டை விழுவது, ஸ்டென்டுக்குள் (குழாயைத் திறந்துவைக்க உள்ளே வைக்கும் சிறு வலைக்குழாய்) ரத்தம் உறைவது, சாய மருந்தால் சிறுநீரகம் பாதிப்பது, பக்கவாதம் எல்லாமே புத்தகத்தில் எழுதியிருக்கும் சிக்கல்கள். நல்ல டாக்டருக்கும் நடக்கும். பேஸ்மேக்கரின் கம்பி இடம் மாறுவதும், பைபாஸில் ஒட்டிய குழாய் அடைத்துக்கொள்வதும் அப்படித்தான். ஆகவே “ஓட்டை போட்டுவிட்டார்” என்று மட்டும் எழுதினால், “தெரிந்த சிக்கல், ஒப்புதல் படிவத்திலேயே இருக்கிறது” என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

சிக்கல் வந்ததற்கும் அதைக் கவனித்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் சேர்ந்து இதயத்தை அமுக்கும். ரத்த அழுத்தம் இறங்கும், நாடி ஏறும். ஒரு எக்கோ (இதயத்தின் ஸ்கேன் படம்) எடுத்தால் தெரிந்துவிடும். ஊசி போட்டு ரத்தத்தை வெளியே எடுக்க வழி இருக்கிறது. அப்படியானால் கேள்வி இதுதான்: அழுத்தம் எத்தனை மணிக்கு இறங்க ஆரம்பித்தது? டியூட்டி டாக்டருக்கு எத்தனை மணிக்குச் சொன்னார்கள்? எக்கோ எத்தனை மணிக்கு? அப்பாவின் வழக்கில் ஓட்டை விழுந்ததற்காக மாநில ஆணையம் ஒரு பைசா கொடுக்கவில்லை. இரவு பத்தரையிலிருந்து நாலு மணி வரை யாரும் எக்கோ எடுக்காததற்காகக் கொடுத்தது.

சிக்கல் வரும் முன்னே நடந்ததும் கேள்விக்குள் வரும். அந்தச் சிகிச்சை தேவைப்பட்டதா, சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டுச் சாய மருந்து கொடுத்தார்களா, ஒவ்வாமை இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை எழுதிக்கொண்டார்களா என்பவை அப்படிப்பட்டவை.

முதல்ல யாரைப் பார்க்கணும்? வக்கீலா, போலீஸா?

முதலில் மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எழுத்துமூலம், தேதி போட்டு, முழு கேஸ் ஷீட்டின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, அது மருத்துவமனை சொல்லும் கதைச்சுருக்கம். ஐசியு சார்ட், நர்ஸ் குறிப்புகள், மருந்து கொடுத்த பதிவு, கேத் லேப் (ஆஞ்சியோவும் ஆஞ்சியோபிளாஸ்டியும் செய்யும் அறை) ரிப்போர்ட், ஒப்புதல் படிவங்கள், ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆஞ்சியோ, ஆஞ்சியோபிளாஸ்டி இரண்டின் வீடியோவும் சிடியில் வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். இதய வழக்குகளில் அந்தச் சிடியைப் பார்க்காமல் எந்த நிபுணரும் வாயைத் திறக்க மாட்டார். கடிதத்தின் நகலில் சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.

அன்று ராத்திரியே வீட்டில் உட்கார்ந்து இன்னொரு வேலையும் செய்யுங்கள். யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார்கள் என்று நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். போனில் இருக்கும் அழைப்புப் பட்டியலையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பார்த்து நேரத்தைச் சரிபாருங்கள். மூன்று மாதம் கழித்து எழுதினால் கோபம் நிறைய இருக்கும், நேரம் இருக்காது.

ரெக்கார்டு கேட்டா நாளைக்கு வா, அடுத்த வாரம் வான்னு இழுக்கிறாங்க. தராமலே விட்டுட்டா?

மருத்துவர்களின் நடத்தை விதிகள் 2002-இன்படி, உள்நோயாளியின் ரெக்கார்டை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கடிதத்தில் இந்த விதியைக் குறிப்பிட்டாலே பல இடங்களில் வேலை நடக்கும். அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கும் வழியும் இருக்கிறது, 30 நாளில் பதில் வர வேண்டும்.

கடைசிவரை தரவில்லை என்றால் அதுவே உங்களுக்குச் சாதகமாகத் திரும்பலாம். ரெக்கார்டை மறைத்தால், அதில் தங்களுக்குப் பாதகமானது இருக்கிறது என்று ஆணையம் எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் நீங்கள் கேட்டதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக பத்துத் தடவை கேட்டதற்கு மதிப்பே இல்லை.

போஸ்ட்மார்ட்டம் வேண்டாம்னு சொல்லி உடம்பை வாங்கிட்டு வந்துட்டோம். இனிமே கேஸ் நிக்குமா?

நிற்கும். எங்கள் வீட்டிலும் செய்யவில்லை. அந்த நேரத்தில் அப்பாவைக் கூறுபோடச் சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆனால் இறப்புக்கான காரணத்தை மருத்துவமனையே ரெக்கார்டில் எழுதியிருந்தால் அதை வைத்து வாதாடலாம். காரணத்தைக் குறிப்பிடும் படிவம் 4-இன் நகலைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு காரணமும் படிவத்தில் வேறொரு காரணமும் இருந்து நான் பார்த்திருக்கிறேன்.

இதைப் படிக்கும்போது உடல் இன்னும் மருத்துவமனையில் இருக்கிறது என்றால், சந்தேகம் பலமாக இருந்தால், உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் விசாரித்து அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வார்கள். எரித்த பிறகு இந்தக் கதவு மூடிவிடும்.

எங்கே புகார் கொடுக்கிறது? ஆளுக்கு ஒரு இடம் சொல்றாங்க.

இழப்பீடு வேண்டும் என்றால் பெரும்பாலானவர்களுக்கு நுகர்வோர் ஆணையம்தான். டாக்டரின் பதிவை நிறுத்திவைக்க வேண்டும், கண்டிக்க வேண்டும் என்றால் மாநில மருத்துவக் கவுன்சில், தமிழ்நாட்டில் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில். கவுன்சிலால் உங்களுக்குப் பணம் வாங்கித் தர முடியாது. ஆணையத்தால் டாக்டரின் பதிவைத் தொட முடியாது. இரண்டிலும் ஒரே நேரத்தில் புகார் கொடுக்கலாம். சிவில் கோர்ட்டுக்கும் போகலாம், ஆனால் அங்கே கேட்கும் தொகைக்கு ஏற்றபடி கோர்ட் கட்டணம் ஏறும்.

மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-இல் வந்த புதிய சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் இல்லையே என்று டாக்டர்கள் தரப்பில் கிளப்பிய வாதம் 2022-இல் தள்ளுபடியானது. இன்னமும் சில மருத்துவமனைகள் பதிலுரையில் இதை எழுதுகின்றன. பயப்பட வேண்டாம்.

நாங்க காசே கட்டலை. அரசு ஆஸ்பத்திரி, இல்லைன்னா முதலமைச்சர் காப்பீடு. எங்களுக்கு உரிமை இல்லையா?

எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் எடுக்காது. அரசுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு, சிவில் வழக்கு, மாநில மனித உரிமை ஆணையம் என்று வேறு வழிகள் இருக்கின்றன. அரசு மேல் சிவில் வழக்கு என்றால் பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

தனியார் மருத்துவமனையில் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை என்றால் கதை வேறு. சிலரிடம் காசு வாங்கி, சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில் அந்த இலவச நோயாளியும் நுகர்வோர்தான் என்று சாந்தா தீர்ப்பிலேயே இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியோ, வேலை கொடுத்தவரோ பில் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான்.

ரெண்டு வருஷத்துக்குள்ள போடணுமாமே. எங்களுக்குத் தாண்டிடுச்சு.

ஆமாம், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷம். தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி, நியாயமான காரணம் காட்டித் தனி மனு போட வேண்டும். துக்கத்தில் இருந்தோம் என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. எந்த மாதம் எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும்.

பாதிப்பே பின்னால்தான் தெரியவந்தது என்றால், தெரியவந்த நாளிலிருந்து கணக்கு ஆரம்பிக்கலாம். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 2010-இல் ஸ்ரீகண்டே வழக்கில் ஒரு பெண்ணின் வயிற்றில் அறுவை சிகிச்சையின்போது துணி விடுபட்டதாகப் புகார். ஒன்பது வருஷம் வலியோடு இருந்தும் அவர் அந்த டாக்டரிடம் திரும்பிப் போகவில்லை, காரணம் தேடவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் வழக்கைக் காலம் கடந்ததாகத் தள்ளியது. மெடிக்கல் கவுன்சிலின் முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அங்கே புகார் இருப்பதால் இங்கே கடிகாரம் நிற்காது.

எல்லா ஃபாரத்திலும் கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டோமே?

ஒப்புதல் படிவம் என்பது கவனக்குறைவுக்குக் கொடுத்த அனுமதி ஆகாது. “என்ன நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல” என்று அச்சடித்திருந்தாலும் அந்த வரி அவர்களைக் காப்பாற்றாது. இதை நம்பித்தான் பாதிப்பேர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அந்தப் படிவம் எதற்கு ஒப்புதல் கொடுத்தது என்றும் பாருங்கள். 2008-இல் சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது கர்ப்பப்பை சம்பந்தமான வழக்கு, ஆனால் இதய நோயாளிகளுக்கு அப்படியே பொருந்தும். “ஆஞ்சியோ மட்டும்தான்” என்று சொல்லி உள்ளே கொண்டுபோய், அரைமணி கழித்து வெளியே வந்து “ரெண்டு ஸ்டென்ட் வெச்சாச்சு” என்று சொல்வது எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது? மாரடைப்பு நேரத்தில், உயிரைக் காப்பாற்ற உடனே செய்ய வேண்டியிருந்தது என்றால் ஒப்புதல் இல்லை என்ற வாதம் நிற்காது. பலர் தேவைப்பட்டால் ஆஞ்சியோபிளாஸ்டி என்று முன்கூட்டியே சேர்த்து ஒப்புதல் வாங்கிவிடுகிறார்கள். அதுவும் செல்லும். இரண்டும் இல்லாமல், நிதானமாக வந்த நோயாளிக்கு, பேசவே பேசாமல் செய்திருந்தால் அது தனிக் குறைபாடு. சிகிச்சை நன்றாக நடந்திருந்தாலும்கூட.

ஒன்று மட்டும் எச்சரிக்கை: சமீரா கோலி வழக்கில் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய்தான். டாக்டர் தன் கட்டணத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

இன்னொரு டாக்டர் நமக்காகச் சொல்லணுமாமே. யார் வருவாங்க?

வர மாட்டார்கள், பெரும்பாலும். “அவங்க சொதப்பிட்டாங்க” என்று வாயால் சொன்ன டாக்டரே எழுதிக் கேட்டால் போனை எடுக்க மாட்டார். எனக்கு மூன்று பேர் அப்படி. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உடம்புக்குள் துணியை விட்டுத் தைத்ததற்கு நிபுணர் எதற்கு? ஆனால் கேத் லேபுக்குள் நடந்ததைப் பற்றிய வாதம் என்றால் நிபுணர் இல்லாமல் நகராது. அரசு மருத்துவக் கல்லூரியின் இதயவியல் துறையிடம் கருத்துக் கேட்கும்படி ஆணையத்திலேயே மனு போடலாம். மனுவில் இதயவியல் நிபுணர் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் பொது மருத்துவர் ஒருவர் ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிடுவார். எங்களுக்கு மாவட்டத்தில் நடந்தது அதுதான், தோற்றதும் அதனால்தான். வரும் கருத்து ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. காரணம் சொல்லாமல் “கவனக்குறைவு இல்லை” என்று மட்டும் எழுதியிருந்தால் எழுத்துமூலம் கேள்விகள் அனுப்பி விளக்கம் கேட்கலாம்.

இரண்டாவது பதிலில் சொன்ன மணிக்கணக்கு இங்கேதான் கைகொடுக்கும். சார்ட்டில் இருக்கும் எண்களை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதி மனுவோடு வைத்தோம். மாநில ஆணையத்தின் தீர்ப்பில் அந்தப் பட்டியல் அப்படியே வந்தது.

டாக்டர் மேலயா போடணும், ஆஸ்பத்திரி மேலயா?

இரண்டு பேர் மேலும். ஆனால் யார் சிகிச்சை செய்தார்கள் என்று சரியாகத் தெரியாவிட்டால் மருத்துவமனை மேல் மட்டும் போட்டாலும் வழக்கு செல்லும். 2004-இல் சவிதா கர்க் வழக்கில் இதைத்தான் சொன்னார்கள். டெல்லியின் ஓர் இதய மருத்துவமனைக்கு எதிரான வழக்கு அது. டாக்டர்களைச் சேர்க்கவில்லை என்று தேசிய ஆணையம் தள்ளுபடி செய்ததை உச்ச நீதிமன்றம் மாற்றியது. எந்த டாக்டர் பார்த்தார், என்ன செய்தார் என்று விளக்க வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. “அவர் எங்கள் ஊழியர் இல்லை, வந்துபோகும் கன்சல்டன்ட்” என்ற பதிலும் இதனால் எடுபடாது.

எவ்வளவு கேட்கலாம்? அதுக்கு எவ்வளவு கட்டணும்?

இங்கே எல்லாரும் குழம்புகிறார்கள். எந்த ஆணையம், என்ன கட்டணம் என்பதெல்லாம் நீங்கள் கேட்கும் தொகையைப் பொறுத்ததில்லை, மருத்துவமனைக்குக் கட்டிய பணத்தைப் பொறுத்தது. கட்டியது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநிலம், அதற்கும் மேல் தேசியம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. ஆக, நாலரை லட்சம் பில் கட்டியவர் 40 லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையத்தில் இலவசமாகப் போடலாம். மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம்.

தொகைக்கு ஒரு கணக்கு வையுங்கள். சிகிச்சைச் செலவு, அதன் பிறகான செலவு, போன வருமானம், இனி தேவைப்படும் பராமரிப்பு, மனவேதனை என்று தனித்தனியாக. கொல்கத்தாவில் மனைவியை இழந்த டாக்டர் குணால் சாஹாவுக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட 6 கோடி கொடுத்ததைச் சொல்லி எல்லாரும் கோடியில் ஆரம்பிக்கிறார்கள். அவர் பதினைந்து வருஷம் போராடினார், தானே ஒரு டாக்டர். 64 வயதில் ஓய்வுபெற்றவருக்கு வருமான இழப்பு என்று பெரிய தொகை வராது. அப்பாவைக் கணக்குப் போட்டு எழுதியபோது எனக்குக் கை ஓடவில்லை, ஆனால் எழுதத்தான் வேண்டும்.

வக்கீல் கட்டாயம் இல்லை, இருந்தால் நல்லது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும், எண் 15100.

இறந்தவர் சார்பில யார் போடலாம்?

சட்டப்படியான வாரிசுகள். வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாரையும் சேர்த்துவிடுங்கள். வழக்கில் சேர விருப்பம் இல்லாத அண்ணனிடம் ஒரு கடிதமாவது வாங்கிவையுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்?

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பதிலுரைக்கு 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் இல்லை என்பதை மட்டும் கறாராகப் பார்க்கிறார்கள். 46-ஆவது நாள் பதிலுரை வந்தால் உங்கள் வக்கீல் எதிர்க்க வேண்டும்.

போலீஸ் கேஸ் போட்டா பயந்து வழிக்கு வருவாங்க இல்ல?

மிரட்டலுக்காகப் போட வேண்டாம். கிரிமினல் வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான கவனக்குறைவாக இருக்க வேண்டும். முதலில் சொன்ன ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி, நடவடிக்கை எடுக்கும் முன்னால் போலீஸ் அதே துறை டாக்டர் ஒருவரின், முடிந்தால் அரசு டாக்டரின் கருத்தை வாங்க வேண்டும். எடுத்தவுடன் கைது செய்யவும் முடியாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106-இல் கவனக்குறைவால் மரணத்துக்கு 5 வருஷம் வரை தண்டனை, சிகிச்சையின்போது நடந்தால் டாக்டருக்கு 2 வருஷம் வரை. நிபுணர் கருத்து உங்களுக்கு எதிராக வந்தால் அந்தக் காகிதத்தையே நுகர்வோர் வழக்கில் மருத்துவமனை எடுத்துக் காட்டும். இதுதான் பெரிய ஆபத்து.

மருத்துவமனையில் போய்ச் சண்டை போடுவது, கண்ணாடியை உடைப்பது எல்லாம் கூடவே கூடாது. தமிழ்நாட்டில் இதற்கென்றே 2008-இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. டாக்டர் படத்தைப் போட்டு “கொலைகாரன்” என்று பதிவு போடுவதும் அவதூறு வழக்கில் கொண்டுபோய் விடும்.

ஸ்டென்டே மட்டமானதோன்னு சந்தேகமா இருக்கு.

ஸ்டென்ட் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி, அளவு, பேட்ச் எண் எல்லாம் அதில் இருக்கும். அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். 2017 பிப்ரவரியில் ஸ்டென்டுக்கு உச்சவரம்பு விலை வந்தபோது, பில்லில் ஸ்டென்ட் விலையைத் தனியாக, பிராண்டும் பேட்ச் எண்ணும் போட்டுக் காட்ட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. பில்லையும் ஸ்டிக்கரையும் வீடியோவில் தெரியும் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். இரண்டு வைத்து மூன்றுக்குப் பில் போட்டால் அதற்கு நிபுணர் கருத்தே தேவைப்படாது. பொருளே குறைபாடுள்ளது என்றால் 2019 சட்டத்தில் தயாரிப்பாளர் மேலும் பொறுப்புக் கேட்க இடம் உண்டு.

ஆனால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது என்பதால் மட்டும் அது மட்டமானது ஆகாது. நல்ல ஸ்டென்டும் அடைக்கும்.

அப்பா மாத்திரையை நிறுத்திட்டார், அதனாலதான் அடைச்சுதுன்னு பழியை எங்க மேல திருப்புறாங்க.

ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரினோடு குளோபிடோகிரல் போன்ற இரண்டாவது மாத்திரையையும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். மாரடைப்போடு வந்தவர்களுக்கு வழக்கமாக ஒரு வருஷம். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையலாம் என்பது உண்மை. ஆகவே இந்த எதிர்வாதத்தைச் சும்மா தள்ள முடியாது. நோயாளியின் பங்கும் இருக்கிறது என்று ஆணையம் நினைத்தால் இழப்பீடு குறையும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் “நிறுத்தக் கூடாது” என்று எழுதியிருக்கிறார்களா, எத்தனை மாதம் என்று போட்டிருக்கிறார்களா, உங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னார்களா என்று பாருங்கள். பல் பிடுங்கவோ வேறு எதற்கோ இன்னொரு டாக்டர் நிறுத்தச் சொன்னாரா? அவருடைய சீட்டைத் தேடுங்கள். மருந்துக்கடை பில்கள் மாதம் தவறாமல் இருந்தால் வாதமே முடிந்தது. இல்லாவிட்டால் உண்மையை உங்கள் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் வெளிவருவதைவிட அது மேல்.

கேஸ் ஷீட்டைத் திருத்தி எழுதியிருக்காங்க. எப்படி நிரூபிக்கிறது?

ஒரே இரவின் குறிப்புகளை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். நர்ஸ் குறிப்பு, டாக்டர் குறிப்பு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எந்திரம் அடித்த நேரம், எக்கோ படத்தின் மூலையில் இருக்கும் நேரம், பார்மசி பில். எல்லாவற்றையும் யாராலும் ஒரே மாதிரி திருத்த முடியாது. அப்பாவின் ஷீட்டில் “இரவு 11.15, டாக்டர் பார்த்தார்” என்று ஒரு வரி இருந்தது. அவர் எழுதியதாகச் சொன்ன மருந்து பார்மசியில் 4.20-க்குத்தான் பில் ஆகியிருந்தது. அடித்தல் திருத்தல் இருக்கும் பக்கங்களின் அசலை ஆணையத்தில் கொண்டுவரச் சொல்லி மனு போடுங்கள், நகலில் மை வித்தியாசம் தெரியாது.

பேசி முடிச்சுக்கலாம்னு ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிடுறாங்க. போகலாமா?

போகலாம், கேட்டுக்கொள்ளலாம். அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று ஒரு வரி அதில் இருக்கும். மெடிக்கல் கவுன்சில் புகாரையும் திரும்பப் பெற வேண்டும் என்று இன்னொரு வரி இருக்கும். மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளை ஆணையமே சமரசத்துக்கு அனுப்பக் கூடாது என்று நுகர்வோர் சட்டத்தின் 2020 சமரச விதிகளில் இருக்கிறது. நீங்களாக வெளியே பேசி முடித்துக்கொள்ள அது தடை இல்லை. டாக்டருக்குக் காப்பீடு இருந்தால் பணம் தரப்போவது காப்பீட்டுக் கம்பெனி. அதனால் மேஜையில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பேசி முடித்துக்கொண்டவர்களை நான் குறைவாக நினைக்க மாட்டேன். அம்மாவின் வயசைப் பார்த்து நாங்களும் ஒரு தடவை கிட்டத்தட்ட சரி என்றுவிட்டோம்.

மாவட்டத்துல தோத்துட்டோம். மேல போனா பிரயோஜனம் உண்டா?

தீர்ப்பில் ஏன் தோற்றீர்கள் என்று பாருங்கள். மணிக்கணக்கையே பேசாமல் “நிபுணர் சாட்சி இல்லை” என்று முடித்திருந்தால் போகலாம். எல்லா ஆவணத்தையும் அலசி, சிகிச்சை சரிதான் என்று சொல்லியிருந்தால் யோசியுங்கள். மாநில ஆணையத்துக்குப் பிறகு தேசிய ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு என்றால் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுப்பார்கள். ஆகவே உண்மை விவரங்களை எல்லாம் மாநிலத்திலேயே முழுசாக வைத்துவிட வேண்டும்.

நீங்கள் ஜெயித்து மருத்துவமனை மேல்முறையீட்டுக்குப் போனால், உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்தரவை மதிக்காமல் இருந்தால் ஆணையம் சிறைத்தண்டனைகூட விதிக்கலாம்.

மாநில ஆணையத்துக்கு மேல்முறையீட்டுக் கெடு 45 நாள். உத்தரவு தேதியிலிருந்து எண்ணிவிடுங்கள், அதுதான் பத்திரம். நகல் தாமதமாக வந்தால் வந்த தபால் உறையைக் கிழித்துப் போடாதீர்கள். எங்களுக்கு நகல் 38 நாள் கழித்து வந்தது. தாமதத்தை மன்னிக்கச் சொன்ன மனுவில் அந்த உறையின் முத்திரையைத்தான் ஆணையம் முதலில் பார்த்தது.